என் முகத்தை மூன்று முறை காட்டினார்கள்

வாரப் பத்திரிகையில் வரும் ஒரு சிறுகதையைப் படித்து முடிக்க எனக்கு நாலு நாள் ஆகும். ஐம்பது வயதை நெருங்கும்போது கற்றுக்கொண்ட எழுத்து, கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒரு கதையை என் அளவுக்கு யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று தைரியமாகச் சொல்வேன். வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போகிற இடத்தில் எல்லாம் நான் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

அப்படி நின்று பார்த்ததில், இப்போது வருகிற கதைகள் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு நாலு பக்கம் வந்த கதை இரண்டு பக்கமாகி, ஒரு பக்கமாகி, இப்போது விளம்பரத்துக்குப் பக்கத்தில் கைக்குட்டை அளவு இடத்தில் முடிந்துவிடுகிறது. அளவு சிறுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கைக்குட்டைக்குள் ஒரு ஏழைப் பெண் வருவாள், அழுவாள், கடைசி வரியில் செத்துப்போவாள். சாகவில்லை என்றால் அவள் யாரென்று கடைசி வரியில் தெரிந்து நாம் திடுக்கிட வேண்டும். எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துக் கம்பெனிப் பெண்களைப் பற்றி எழுதினாலோ முதல் வரியிலேயே தோல் நாற்றம் வந்துவிடும். நான் வேலை செய்த இடத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எழுந்து வந்து மேஜையைத் தட்டுவார். அந்தச் சிரிப்பை எழுதினவர் ஒருத்தரும் இல்லை.

டிவி போட்டிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பிள்ளை பாடி முடித்தால் நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே? ஒரு நடுவர் இன்னொரு நடுவர் முகத்தைப் பார்ப்பார். அவர் தண்ணீர் குடிப்பார். பிறகு சோப்பு விளம்பரம். திரும்பி வந்தால் அதே முகம், அதே தண்ணீர். நான் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். அறுத்து வந்த தோல் துண்டை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, பாஸ் என்றால் இந்தப் பக்கம், ரிஜெக்ட் என்றால் அந்தப் பக்கம் போடுவேன். ஒரு துண்டுக்கு இந்த நடுவர்கள் எடுக்கிற நேரம் எடுத்திருந்தால் முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

செக்கிங்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மாட்டின் மேல் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, தோல் உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் தோலில் அப்படியே இருக்கும். ரொம்ப மோசமாக இருந்தால் மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, சாயம் பூசி, சூடான தகட்டால் அழுத்திப் பொய்யாக ஒரு ரேகை அடிப்பார்கள். பார்க்க நல்ல தோலைவிட அழகாக இருக்கும். கண்ணால் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். என் கை ஏமாறாது. அந்த ரேகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். உயிரோடு இருந்த எந்த மாட்டுக்கும் அப்படி இருந்ததில்லை.

இதையெல்லாம் நான் தூரத்தில் இருந்து குறை சொல்லவில்லை. கதை ஒருமுறை என் வீட்டுக்குள் வந்தது. டிவியும் ஒருமுறை வந்தது. இரண்டுமே என்னிடம் இருந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு வேறு ரேகை அடித்துவிட்டுத்தான் போயின.

முதலில் வந்தது கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பெண்களுக்குச் சாயங்கால எழுத்து வகுப்பு நடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் வகுப்பைப் பார்க்க வேலூரிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். கதை எழுதுகிறவர் என்று டீச்சர் சொன்னார்கள். வகுப்பிலேயே வயதானவள் நான் என்பதால் என் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். வீட்டில் என் கணவர் இருந்தார். அவர் தோல் கம்பெனியில் ஷேவிங் மெஷினில் வேலை பார்த்தவர். சுற்றுகிற கத்தியில் தோலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து ஒரே கனமாகச் சீவ வேண்டும். நாள் முழுக்க மெஷின் அதிர்கிற அதிர்வு கையில் ஏறி, வீட்டுக்கு வந்த பிறகும் இறங்காது. டீ டம்ளரைப் பிடித்தால் டம்ளர் ஆடும். அதை அவர் ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தார். "சக்கரைய கலக்கவே வேணாம், அதுவே கலந்துக்கும்" என்பார்.

ஆபீசர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கார்ம்மா. நான் இன்னும் படிக்கல, நீங்களே மொதல்ல படிங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாள் படித்தேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு தோல் கம்பெனிப் பெண். சரி. அவளுக்கு ஒரு புருஷன். அவன் குடித்துக் குடித்துக் கை நடுங்குகிறவன். அவள் எழுதிப் பழகுகிற சிலேட்டுப் பலகையை உடைக்கிறான். அவள் அடுப்புக்கரியால் சுவரில் 'அம்மா' என்று எழுதிவிட்டு அழுகிறாள்.

என் கணவர் சாராயத்தைத் தொட்டதில்லை. எனக்குப் பலகை வாங்கிவந்ததே அவர்தான். பேரணாம்பட்டு சந்தையில் வாங்கி, உடையாமல் இருக்கட்டும் என்று வேட்டியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் எது படித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். பிடித்திருந்தால் இரண்டாம் தரமும் படிக்கச் சொல்வார். அன்றைக்கும் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா எழுதிக்கீறாரு? நம்ம பேர் வருதா?"

"பேர் இல்ல. ஆனா நம்ம கததான்."

"நானு வர்றேனா?"

"வர்றீங்க."

"படி, படி."

நான் பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். அதில் இருந்ததைப் படிக்கவில்லை. புருஷன் பலகை வாங்கி வருகிறான் என்று படித்தேன். மெஷினால் கை நடுங்குகிறது என்று படித்தேன். வழக்கமாக எழுத்துக்கூட்டித் திக்குகிற நான் அன்றைக்கு ஆறு மாதிரி ஓடினேன். என் வாழ்க்கையில் நான் கட்டின கதை அது ஒன்றுதான், அதுவும் பாதி உண்மை. கேட்டு முடித்ததும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா எழுதிக்கீறாரு. நீயும் நல்லா படிச்ச" என்றார்.

அந்தக் கதையை மட்டும் இரண்டாம் தரம் படிக்கச் சொல்லவில்லை. எனக்கு அது அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

டிவி வந்தது பத்துப் பதினைந்து வருஷம் கழித்து. அதற்குள் என் கணவர் போய்விட்டார். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்திருந்தாள். அதே ஷூ கம்பெனியில் அவன் பேக்கிங்கில், அவள் ஸ்டிச்சிங்கில். அவள் குரல் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் தனியாகத் தெரியும். ஒரு பாட்டுப் போட்டிக்கு வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று டிவியில் சொன்னபோது விண்ணப்பம் போடச் சொன்னது நான். அதை நிரப்பினதும் என் கையெழுத்துதான். வேண்டாம் என்று நின்றது என் மகன்.

"டிவில போய் பாடிட்டு வந்தா நாளைக்கு கம்பெனில தோஸ்துங்க இன்னா பேசுவானுங்க தெரியுமா?"

"உன் தோஸ்துங்க பேசறதுக்கு இவ எதுக்குடா வாய மூடிக்கணும்? நீ போய் உன் வாய மூடு."

முதல் பஸ்ஸில் அவளை வேலூருக்குக் கூட்டிப்போனவளும் நான்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையில் நின்றோம். அவள் நம்பர் வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருந்தேன். தேர்வாகிவிட்டாள். ஆட்டோ பிடிக்கும் வரை இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் விடவில்லை. மெஷினில் குனிந்தே முதுகு வளைந்துபோகிற பிள்ளைகளை எத்தனையோ பார்த்தவள் நான். இவளாவது எழுந்து நிற்கட்டும் என்று இருந்தது.

பிறகு, எங்கள் வீட்டைப் படம் எடுக்க டிவிக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் தெருவே அமர்க்களப்பட்டது. ஐந்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாக்கடையைக் கழுவினார்கள். கோயிலிலிருந்து இருபது நாற்காலி வந்தது. பெண்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டி, மல்லிகை வைத்து நின்றோம். ஒருத்தர் நம்மைப் படம் எடுக்க வந்தால் வேறு எப்படி நிற்பது?

காரிலிருந்து இறங்கிய பெண்ணின் கையில் ஒரு அட்டை இருந்தது. சுற்றிப் பார்த்தவள் முகம் விழுந்துவிட்டது.

"இன்னைக்கு இங்க ஏதாவது கல்யாணமா?"

"இல்லம்மா, நீங்க வர்றீங்கன்னுதான்."

"ஐயோ பாட்டி, கஷ்டப்படற குடும்பம்னு எழுதி வச்சிருக்கோம். இது மண்டபம் மாதிரி இருக்கே!"

பாட்டி என்றதை விட்டுவிட்டேன். பூவை எடுக்கச் சொன்னார்கள். பழைய புடவை கட்டச் சொன்னார்கள். சுண்ணாம்பு அடிக்காத சுவர் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். மருமகளைத் தோல் ஊறுகிற தொட்டி பக்கத்தில் நின்று பாடச் சொன்னார்கள்.

"நான் ஸ்டிச்சிங், அக்கா. தொட்டிய நான் பாத்ததுகூட இல்ல" என்றாள் இவள்.

"அதெல்லாம் பாக்கறவங்களுக்குத் தெரியாது."

கடைசியில் அவளைக் கம்பெனிக் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கால்வாய்க் கரையில் நிற்கவைத்து எடுத்தார்கள். அவள் மூக்கைச் சுளித்ததும் அழுகிற மாதிரி நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் அட்டைக்காரப் பெண் என்னிடம் வந்தாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"பாட்டி, நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். மருமக பாடறது எனக்கு மொதல்ல புடிக்கல, தடுத்தேன். அப்புறம் கோயில்ல அவ பாட்டக் கேட்டு மனசு மாறிட்டேன். அவ்வளவுதான்."

"நான் தடுக்கலியேம்மா. ஃபாரம் எழுதினதே நான்தான். அதோ நிக்கறானே என் புள்ள, அவன்தான் வேணாம்னான்."

அவள் என் மகனைப் பார்த்தாள். "அவர் வேணாம் பாட்டி. பாக்க ரொம்ப சாதுவா இருக்காரு. மாமியார்னாதான் நிக்கும். இது இல்லன்னா வெறும் பாட்டுதான் இருக்கு. வெறும் பாட்ட யார் பாப்பாங்க?"

"பாட்டுப் போட்டில பாட்ட யார் பாப்பாங்கன்னு கேக்கற மொத ஆளு நீதாம்மா."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் மருமகளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். திரும்பி வந்த மருமகள் என் முன்னால் நின்று புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"அத்த... இது நல்லா வரலன்னா அடுத்த ரவுண்டுக்கு எடுக்கறது கஷ்டம்ங்கறாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல அத்த. உங்க இஷ்டம்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். என் கணவருக்காக ஒருமுறை இல்லாததைப் படித்தவள்தானே நான். ஆனால் அது நாலு சுவருக்குள் ஒரு மனுஷனின் மானத்தைக் காக்க. இது ஊர் முழுக்கப் போய் என் மானத்தை நானே கழற்றி வைக்க. எனக்கு வாய் வரவில்லை. "இருக்கறத கேளு, சொல்றேன். இல்லாதத சொல்ல மாட்டேன்" என்றேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அந்தக் குனிவு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றாலும் நியாயமாகத்தான் பட்டது.

கேமராக்காரர் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு வேறெதையோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆள் ஒருத்தர் ஷூக் காலோடு கோயில் நாற்காலி மேல் ஏறி நின்று விளக்கைப் பிடித்தார். நான் அவரைப் பார்த்தேன். முறைத்துத்தான் பார்த்தேன். அவ்வளவுதான்.

அந்த வாரம் மருமகள் போட்டிக்காகச் சென்னையில் இருந்தாள். நிகழ்ச்சி போட்ட அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. முதலில் கால்வாய் வந்தது. பிறகு டமார் என்று ஒரு சத்தம். என் முகம். இன்னொரு டமார். அதே முகம், இன்னும் பக்கத்தில். மூன்றாவது டமாருக்கு டிவி பெட்டி முழுக்க என் கண்தான். நாற்காலி மேல் ஏறின ஆளைப் பார்த்த அந்தக் கண். 'பாட்டுக்குப் பூட்டுப் போட்ட மாமியார்' என்று ஒரு குரல். பிறகு என் மகன் வந்தான், சிரித்தான், மனைவிக்குத் துணை நின்ற கணவனாம்.

 எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாக்கா, உன்னியும் நல்லாத்தான் எடுத்துக்கீறாங்க. பயமா கீது."

மருமகள் மேடைக்கு வந்து பாடினாள். நன்றாகப் பாடினாள், அதில் ஒரு துளி குறை இல்லை. பாடி முடித்ததும் நடுவர் கேட்டார்: "மாமியார் ரொம்பக் கஷ்டம் குடுத்தாங்களாம்மா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நடுவர் அழுதார். சோப்பு விளம்பரம் வந்தது. என் மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் பட்டதைக் கதையாக எழுதினால் எந்தப் பத்திரிகையும் நம்பாது. ஆம்பூர் மார்க்கெட்டில் வாழைப்பழக்காரர் "இப்பனாச்சும் பாட விடறியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பழத்தைக் கொடுத்தார். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பெண் பஸ்ஸில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் கோயில் பெண்கள் கூட்டத்தில், "கல்லான இருதயங்களை இளக்கும் ஆண்டவரே" என்று ஒரு தனி ஜெபம் வைத்தார்கள். பேர் சொல்லவில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் ஒருத்திதான் திறந்து வைத்திருந்தேன். அவர்களில் பாதிப்பேர் அன்றைக்குப் பட்டுப்புடவையில் என் பக்கத்தில் நின்றவர்கள். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று காதால் கேட்டுச் சிரித்தவர்கள். டிவியில் வந்த பிறகு, அவர்கள் கேட்டது அவர்களுக்கே மறந்துபோய்விட்டது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரத்தில் அவளைப் போட்டியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என் முகத்தை மூன்று முறை காட்டி அவளுக்கு வாங்கின இடம் அதற்கு மேல் நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் பையும் பிளாஸ்டிக் கேடயமுமாக வந்து இறங்கினாள். சோறு போட்டேன். சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அத்த, நான் அதுக்குத் தலையாட்டல."

நான் ரசம் ஊற்றினேன்.

"வேற எதோ கேட்டாங்க அத்த. வீட்டு ஞாபகம் வருதான்னு கேட்டாங்க. அதுக்குத்தான் ஆட்டினேன். அத வெட்டி இங்க ஒட்டிட்டாங்க. உங்க மூஞ்சிய ஒட்டல? அதே மாதிரி."

அவள் முகத்தைப் பார்த்தேன். இருக்கலாம். நாற்காலியைப் பார்த்த கண்ணை அவள் மேல் ஒட்டினவர்கள், எதையும் எங்கேயும் ஒட்டுவார்கள். இல்லாமலும் இருக்கலாம். அடுத்த ரவுண்டு, அத்தனை விளக்கு, எதிரில் ஒரு பெரிய மனுஷன் கேட்கிறார். அந்த வயதில் நான் என்ன செய்திருப்பேன்? தோலாக இருந்தால் தடவிச் சொல்லியிருப்பேன். எவ்வளவு பார்த்தும் அவள் முகத்தில் எனக்குத் தெரியவில்லை.

அப்போது டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. என் கணவர் போன துக்கத்துக்கு வந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அந்தக் கதை வந்த வாரமே, நான் படித்துக் காட்டினதற்கு மறுநாள், என் கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். பத்திரிகையைக் கொடுத்து, இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று படிக்கச் சொல்லியிருக்கிறார். டீச்சர் இருந்ததை இருந்தபடி படித்துவிட்டார்கள். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் வந்தத அதுகிட்ட சொல்லாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் என்னோடு இருந்தார். அதைப் பற்றி ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை.

"ஒட்டிக்கீறாங்கன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிடு" என்றேன் மருமகளிடம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா பாடின" என்றேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனாள். இப்போதும் அதே ஸ்டிச்சிங்தான், அதே குனிந்த முதுகு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறாள். கேட்கிறவர்கள் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், மனசு மாறிவிட்டேனா என்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீருகிற மாதிரியும் தெரியவில்லை. இதை எழுதினால் அவள் படித்துவிடுவாளோ என்று முதலில் யோசித்தேன். பயமில்லை. அவள் பத்திரிகையைத் தொடுவதே இல்லை. வேலை விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள், அதே போட்டிதான். நடுவர் தண்ணீர் குடிக்கும்போது நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.